மூன்றுக்கு மேல் திருப்பக் கூடாது

இசைக்கருவிக் கடைக்குப் போகும் வழி முழுக்கச் சித்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் வந்தால் அவள் அப்படித்தான். வாய் பேசாது, மற்றதெல்லாம் பேசும். பேருந்தில் அவள் கிடார் பையின் ஜிப்பை இழுத்த இழுப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சித்தி பதிலுக்கு அவரையே பார்த்தாள். இறங்கும் வரை அந்த மனிதர் கழுத்தை அசைக்கவில்லை.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. வார நாட்களில் ஒரு பார்சல் அலுவலகத்தின் கவுண்ட்டரில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டிகளை எடை போட்டு முகவரி ஒட்டுவாள். சனிக்கிழமைகளில் மேடைக் கச்சேரிக் குழு ஒன்றில் கிடார் வாசிப்பாள். கம்பெனி ஆண்டு விழா, ஓய்வு பெறுகிறவருக்கு விருந்து, ஓட்டல் மாடியில் யாருக்காவது பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் அந்தக் குழு போகும். நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கீபோர்டு அவருடையது. மேடையின் முன்வரிசையில் சித்திக்கென்று வெள்ளை உறை போட்ட உயரமான நாற்காலி ஒன்று உண்டு. பதினான்கு வருடங்களாக அதில் உட்கார்ந்துதான் வாசித்தாள்.

வாசித்தாள் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

போன சனிக்கிழமை பாட்டுக்கு நடுவில் அவள் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால், கிடாரிலிருந்து ஒயர் கழன்று தரையில் கிடக்கிறது. எப்போது கழன்றதோ தெரியாது. ஆனால் ஒலிபெருக்கியில் கிடார் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. சந்தேகம் வந்து கையை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் கிடார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிடார் சத்தத்தையும் எழுப்பக்கூடிய கீபோர்டின் மேல் மாஸ்டரின் இடது கை விளையாடிக்கொண்டிருந்தது.

கச்சேரி முடிந்ததும், ஒவ்வொருவர் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர்காரரிடம் நேராகப் போனாள்.

"என் சத்தம் எதுல வருது தம்பி?"

"இந்தக் குமிழ்லதான்க்கா, ஏழாவது."

"ஏன் அடியில கெடக்கு?"

"அது எப்பவும் அடியிலதான்க்கா இருக்கும்." மழை வருகிறது, குடை இருக்கிறதா என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறார். "மாஸ்டர் ஏத்த வேணாம்னு சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

மாஸ்டரிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "இதுக்குப் போயா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? நீ அந்த நாற்காலில உக்காந்தாலே மேடைக்கு ஒரு களைம்மா. போட்டோல பாரு, எவ்வளவு நல்லா இருக்குன்னு. இத்தனை வருஷத்துல உன்ன யாராச்சும் ஒரு குறை சொல்லியிருப்பாங்களா?"

"கேட்டாத்தானேக்கா குறை சொல்ல முடியும்?" என்று சித்தி என் அம்மாவிடம் வந்து கத்தினாள். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பாத்திரமும் சத்தமில்லாமல் கீழே வைக்கப்படவில்லை. ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் "இன்னைக்கு உன் கிடார் பிரமாதம்" என்று சொல்லி வந்த சித்தப்பாவுக்கும் சேர்த்தே கிடைத்தது. பாவம், அவர் அத்தனை வருடமும் மாஸ்டரின் இடது கையைத்தான் புகழ்ந்திருக்கிறார்.

சித்தி யோசித்துக் கண்டுபிடித்த வழி இதுதான். கிடாருக்கென்று சொந்தமாக ஓர் ஆம்ப்ளிஃபயர். மேடையில் தன் முதுகுக்குப் பின்னால், மிக்ஸருக்கு ஒயர் போகாத தனிப் பெட்டி. அதன் சத்தத்தை எட்டிக் குறைக்க யாருக்கும் கை நீளாது.

கடைக்குள் நுழைந்தபோது கண்ணாடி அறை ஒன்றில் தாடிக்காரர் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் தொங்கிய கிடார்கள் எல்லாம் அதிர்ந்தன. முதலாளி கல்லாவில் விரலால் தாளம் போட்டபடி இருந்தார். சட்டைப் பையில் மீட்டுகிற வில்லைகளைச் செருகி வைத்திருந்த விற்பனையாளர் எங்களிடம் வந்தார்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

"ஓ, கத்துக்கப் போறீங்களா? நல்லது. இது பாருங்க, கைக்கு அடக்கமா, கலரும் நல்லா இருக்கும்." டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியைக் காட்டினார்.

"வாசல் கண்ணாடில வச்சிருக்கீங்களே, புதுசு, பழுப்புக் கலர். அது."

"அது டியூப் ஆம்ப் மேடம். உள்ள கண்ணாடிக் குழல் வச்சு செய்யறது. கனம் ஜாஸ்தி. நீங்க தூக்க மாட்டீங்க."

சித்தி போய் ஒரு கையால் அதைத் தரையிலிருந்து கிளப்பினாள். "இருபது கிலோ வரும். இத விட கனத்த பொட்டியில எல்லாம் 'கவனமா கையாளவும்'னு ஒட்டியிருக்கேன். கொண்டாங்க உள்ள."

தாடிக்காரர் வெளியே வர, நாங்கள் கண்ணாடி அறைக்குள் போனோம். சுவரில் ஒரு பலகை: 'ஒலி அளவை மூன்றுக்கு மேல் திருப்பக் கூடாது. – நிர்வாகம்.' விற்பனையாளர் பெட்டியை மேசைமேல் வைத்து ஒரு பொத்தானைப் போட்டார். சத்தம் வரவில்லை. பின்பக்கத்து வலைக்கு உள்ளே கண்ணாடிக் குழல்கள் மெதுவாகச் சிவந்தன. "சூடாகணும் மேடம். அவசரப்படுத்தினா குழல் போயிடும்" என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்து இரண்டாவது பொத்தானைப் போட்டார். பிறகு கடைக் கிடார் ஒன்றை மாட்டிக்கொண்டு விரல் வித்தை காட்டத் தொடங்கினார். மேலே ஓடினார், கீழே ஓடினார், கண்ணை மூடினார்.

"பாத்தீங்களா, எப்படிப் பாடுதுன்னு?"

"பாடினது நீங்க. அது என்ன பண்ணும்னு இன்னும் தெரியல" என்று சித்தி தன் கிடாரை மாட்டினாள். ஒலி அளவு மூன்றில் இருந்தது. வாசித்தாள். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"இதுக்கு என் ஹெட்போனே தேவல."

"மூணுல அப்படித்தான் மேடம். டியூப் ஆம்ப் ஏத்த ஏத்தத்தான் முழிச்சுக்கும்." சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப ஏத்துங்க."

"ரூல் மேடம்."

"தூங்கறத பாத்துட்டு வாங்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

முதலாளியே எழுந்து வந்தார். பக்கத்துக் கடை கண் ஆஸ்பத்திரி, சத்தம் கேட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று விளக்கினார். மரியாதையாகத்தான் பேசினார். 'அம்மா' போட்டுத்தான் பேசினார்.

"நாங்க வரும்போது ஒருத்தர் வாசிச்சிட்டிருந்தாரே, அவர் எத்தனையில வச்சிருந்தார்?"

முதலாளி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அவர் ஆர்ட்டிஸ்ட்மா."

எனக்கே காது சுட்டது. சித்தி கண்ணாடிக் கதவை முதலாளி உள்ளே இருக்கும்போதே சாத்தினாள். குமிழை ஏழுக்குத் திருப்பினாள். கையை ஓங்கி ஒரே அடி.

கட்டிடம் இடிந்ததுபோல் இருந்தது. இசையாக இல்லை. பழைய துணியைக் காதருகே கிழித்ததுபோல் ஒரு கரகரப்பு; அதற்குள் அழுத்தப்படாத தந்திகள் இஷ்டத்துக்கு அலறின. சித்தி மறுபடி அடித்தாள். மறுபடி அதேதான். முதலாளியின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து நின்றது.

"பொட்டி சரியில்ல" என்றாள் சித்தி.

விற்பனையாளர் கையை நீட்டிக் கிடாரை வாங்கினார். குமிழைத் தொடவில்லை. அதே ஏழில், அதே தந்திகளை மெல்ல மீட்டினார். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. இம்முறை கண்ணை மூடாமல், வித்தை காட்டாமல் வாசித்தார்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குக்கா," என்றார் தாழ்ந்த குரலில். மேடம் எப்போது அக்காவானாள் என்று தெரியவில்லை. "கைதான் கனமா விழுது. இதுல அடிச்சா அடி கேக்கும், தொட்டா தொட்டது கேக்கும். எதையும் மறைக்காது."

அவள் கை ஏன் கனத்தது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடம் வரை யாரும் அதை யோசித்ததில்லை. தாத்தாவுக்கு இரவு வேலை. பகலில் தூங்குவார். ஒற்றை அறை வீட்டில் சித்தி கிடார் பழக வேண்டுமென்றால் தந்திகளுக்கு அடியில் கந்தல் துணியைச் செருகிக்கொள்ள வேண்டும். துணி செருகிய தந்தியை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் டொக்கு டொக்கென்றுதான் கேட்கும். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் மழுங்கடித்துத் தருகிற மலிவு ஹெட்போன். மேடையிலோ கேட்டது மாஸ்டரின் கிடார்; தன் கையின் தப்பு எதுவும் அதில் கேட்காது. மற்றவர்கள் சத்தத்தில் அது அமுங்கும்போதெல்லாம், தன்னுடையதுதான் அமுங்குகிறது என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தாள். ஏழாவது குமிழ் அடியில் கிடக்கும்போது எப்படி அடித்தால் என்ன?

சித்தி மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் முன்னைவிடச் சிவந்திருந்தது.

"சத்தத்த மட்டும் எடுத்துக்கலடா. கையையும் கெடுத்து வச்சிருக்கானுங்க. பதினாலு வருஷத்துல ஒருத்தனாவது, 'ஏம்மா, தப்பா வாசிக்கற'ன்னு திட்டியிருந்தா திருத்தியிருப்பேனே? திட்டறதுக்குக் கூட நான் அங்க இல்லியே!"

முதலாளி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். இந்த முறை அவர் உதட்டில் சிரிப்பு இல்லை. குமிழைக் குறைக்கச் சொல்லவும் இல்லை.

சித்தி கிடாரைத் திரும்ப வாங்கினாள். ஒரே ஒரு ஸ்வரக்கட்டு. மூன்று விரல் அழுத்தி, ஆறு தந்தியையும் ஒரு தடவை தடவுவது. கற்றுக்கொள்கிறவர்கள் முதல் வாரத்தில் வாசிப்பது. கரகரவென்றது. "சனியன்." மறுபடி. மோதிர விரலின் கீழே ஒரு தந்தி ஊமையாக இருந்தது. "இத்தனை வருஷமா நீ சும்மாதான் இருந்தியா?" என்று விரலைத் திட்டினாள். மாஸ்டரைத் திட்டினாள், கந்தல் துணியைத் திட்டினாள், 'பிரமாதம்' சொன்ன சித்தப்பாவை இன்னொரு தடவை திட்டினாள். திட்டுக்கு ஒரு மீட்டலாகப் போய்க்கொண்டிருந்தது. எப்போது என்று சொல்ல முடியவில்லை, ஒரு தடவை ஆறு தந்தியும் சேர்ந்து, எந்தக் கிழிசலும் இல்லாமல் எழுந்து அந்த அறை முழுக்க நின்றது. சித்தி மூச்சு விடாமல் அது அடங்கும் வரை கேட்டாள்.

சரியாக அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. மாஸ்டர். கை தந்தியில் இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"என்னம்மா, கோபம் தணிஞ்சுதா? சனிக்கிழமை ஆறு மணிக்கு மண்டபத்துல இருக்கணும். அந்த நீலப் புடவைய கட்டிட்டு வந்துடு."

"வரேன். என் பொட்டியோட வரேன்."

"என்ன பொட்டி?"

"கிடார் ஆம்ப். எனக்குப் பின்னாடி வச்சுக்குவேன்."

"மேடைல எடம் ஏதும்மா அதுக்கெல்லாம்?"

"என் நாற்காலிய எடுத்துடுங்க. அந்த எடம் போதும்."

"நீ எங்க உக்காருவ?"

"நிப்பேன்."

"இதப் பாரு," தேன் ஒழுகுகிற குரலில் முதல் தடவையாக ஒரு கசப்பு. "நீ தப்பா வாசிச்சா மண்டபம் முழுக்கக் கேக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சித்தி என்னைப் பார்த்தாள். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கை இப்படி இருப்பது அவருக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்வதைவிடக் குமிழை இறக்கி வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"கேக்கட்டும்," என்றாள்.

"அப்ப நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்."

"பாருங்க. ஆனா நான் சனிக்கிழமை வருவேன். வேணாம்னா எல்லாரும் பாக்கறப்ப, மேடைல வச்சு என் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

பணம் கட்டிய பிறகு, பெட்டியை வாசல் வரை தூக்கித் தர விற்பனையாளர் வந்தார். சித்தி விடவில்லை. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். "முதல்ல சூடாக்கணும், மறந்துடாதீங்கக்கா" என்றார் அவர். "நான் எப்பவோ சூடாயிட்டேன் தம்பி" என்றாள் அவள். அன்று அவள் சொன்னதில் சிரிக்கக்கூடியது அது ஒன்றுதான். அதையும் அவள் சிரிக்காமல் சொன்னாள்.

சனிக்கிழமை வரை ஒவ்வொரு சாயங்காலமும் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தே பழகினாள். சித்தப்பா ஒரே ஒரு முறை, "கொஞ்சம் கம்மி பண்ணேன்" என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் சட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

மண்டபத்தில் வெள்ளை உறை போட்ட நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தது. சித்தி அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். அந்த இடத்தில் பெட்டியை வைத்தாள். முதல் பொத்தானைப் போட்டுவிட்டு, குழல்கள் சிவக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் அவளுக்கு நேர் எதிரே இருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்து கீபோர்டில் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் பாட்டின் இரண்டாவது அடியிலேயே சித்தி தப்பாக வாசித்தாள். கை பழைய கனத்தில் விழுந்து பெட்டி அலறியது. முன்வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் வாயில் வைத்ததை அப்படியே நிறுத்தி, மேடையில் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்.

சித்தி அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையைத் தளர்த்தி, அடுத்ததைச் சரியாக மீட்டினாள்.