துடைத்த தரையில் திரும்பி வந்த தடம்

1998-ல், திருவண்ணாமலை வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோன சமயம். வீட்டில் நான், கணவர், மாமனார், மாமியார் மட்டும்தான்.

பௌர்ணமி முடிந்து ஓரிரு நாள் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால், கூடத்து வெள்ளைத் தரையில் பழுப்புச் சிவப்பாகச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒற்றைக்கால் ஆள் நடந்த மாதிரி இடைவெளி விட்டுப் போய், தாழ்ப்பாள் போட்டிருந்த பின்கதவோடு நின்றிருந்தன.

குங்குமம் சிந்தியிருக்கும் என்று துடைத்துவிட்டேன். மறுநாளும் இருந்தன. மாமியார் முகம் வெளிறிவிட்டது.

"இந்த மனையில ஏதோ இருக்குதும்மா. நீ தொடாத."

எலுமிச்சம்பழம் அறுத்து வாசலில் வைத்தார். கணவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வீணாகப் பயப்படுவாரே என்று மாமனாரிடம் நாங்கள் சொல்லவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தனியாகக் கூடத்தைக் கடக்கும்போது பிடரியில் சில்லென்றது.

அன்று மத்தியானம் மாமியார் உள்ளே படுத்திருந்தார். கூடத்தைத் துடைத்துவிட்டு, பக்கெட் தண்ணீரை மாற்றப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால், ஈரம் காயாத தரையில் அதே வட்டங்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. குனிந்தேன். லேசாகக் கெட்ட வாடை. ரத்தம்தான். வட்டங்கள் போன வழியே போனேன்.

முன்னறை ஜன்னலோரம் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வட்டங்கள் அவர் நாற்காலியடியில் முடிந்தன.

"மாமா, காலைக் கொஞ்சம் தூக்குங்க."

குதிகால் பித்தவெடிப்பு ஆழமாகப் பிளந்திருந்தது. உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு. சுற்றிலும் தோல் கறுத்துச் சீழ் வைத்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அவர் அதைப் பார்த்தார். விரலால் அழுத்திக்கூடப் பார்த்தார்.

"வலியே இல்லியேம்மா," என்றார் நிதானமாக.

அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது. அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பௌர்ணமிக்கு வெறுங்காலோடு கிரிவலம் போனபோது குத்தியிருக்க வேண்டும். ராத்திரியில் பின்கதவைத் திறந்து கொல்லைக்குப் போய்வந்து தாழ்ப்பாள் போட்டவரும் அவர்தான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர்.

கால் தப்பியது. புண் ஆறத்தான் பல மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றிப் பார்த்து, குதிகாலில் மட்டும் எண்ணெய் தடவினேன். மருமகள் காலைத் தொடுவதா என்று முதலில் கூச்சப்பட்டவர், பிறகு அவராகவே காலை நீட்ட ஆரம்பித்தார்.

வயதானவர்கள் யாராவது நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.