மகள் ஊற்றாத தண்ணீர்

உள்ளறையில் செம்பு ஒன்று விழுந்து உருண்டது. தண்ணீர் தரையில் பரவும் சத்தமும் கேட்டது. சுப்புத்தாய் எழுந்திருக்கவில்லை. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் காலையிலிருந்து தலைக்கு மேலே கையைத் தூக்கியே கொத்து வெட்டியவள். தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தன.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஜோயல் உட்கார்ந்திருந்தான். உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் இளைஞன். அவள் போகும் கிறிஸ்தவ சபைக் கமிட்டியின் செயலாளர். உள்ளே இருக்கும் பெரியவருக்குத் தேனிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அவள் சரி என்றால் காலையில் கார் வரும் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"தப்பா நெனச்சுச் சொல்லலக்கா. போன ஞாயித்துக்கெழம அவரு பெஞ்சுல ஒருத்தரும் உக்காரல. வாடை தாங்கலங்கிறாக."

வாடை உண்மைதான். உள்ளே இருந்தவர் கிறிஸ்டோபர், அதே சபையில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். மனைவியும் பிள்ளையும் இல்லாதவர். சுப்புத்தாய்க்கு இரத்த உறவும் இல்லை.

அவள் புருஷன் தவசி செத்துக் கிடந்த அன்று, வேதக்கோயிலில் சேர்ந்தவள் வீட்டுக்கு வரமாட்டோம் என்று சுருளிப்பட்டி அண்ணன்மார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போட ஆளில்லாமல் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் கிறிஸ்டோபர் புதுச்சேலை ஒன்றோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இவள் என் மகள், கோடி நான் போடுகிறேன் என்று சொல்லி அவள் தோளில் போர்த்தினார். அன்று அவள் கதறியது புருஷனுக்காக மட்டுமல்ல.

பக்கவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்தபோது யாரையும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். மகன் பாண்டீஸ்வரன் குளிப்பாட்டினான், வேட்டி மாற்றினான். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின் வந்தது இந்த வினை. பெரியவர் அவளைக் கிட்டே விடுவதில்லை. நல்ல கையால் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். தகப்பனை மகள் அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாதாம். தானே மொண்டு ஊற்றிக்கொள்ளப் பார்ப்பார். செம்பு நழுவும்.

அனுப்பிவிடு, அனுப்பிவிடு என்று அவள் உடம்பு கெஞ்சியது. சரி என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

"ஆத்தா..." உள்ளிருந்து குழறலாகக் குரல் வந்தது. "நான் போறேன். தம்பிகிட்டச் சரின்னு சொல்லிரு. நீ எளைச்சுப் போயிட்ட."

நாக்கில் நின்ற சொல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. சுப்புத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோயில்ல என்னைய அக்காங்கிறீக தம்பி. அப்ப அவுக ஒங்களுக்கு யாரு?"

ஜோயல் உள்ளறைப் பக்கம் திரும்பினான்.

"காரு வேணாம். ஒரு ஆம்பளப் பிள்ள வேணும். மக கையால குளிக்க மாட்டேங்கிறாக. மகன் கையாலன்னா குளிப்பாக."

"எங்கப்பாவையே நான் குளிப்பாட்டுனதில்லக்கா."

"ஒங்கப்பாதான் தானாக் குளிக்கிறாரே."

அவனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, வரவில்லை. எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் வெந்நீர் வாளியை உள்ளறை வாசலில் வைத்துவிட்டு, அடுப்பங்கரைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கையை இங்கன குடுங்கய்யா என்று ஜோயல் தயங்கித் தயங்கிச் சொல்வதும் கேட்டது. கமிட்டிக்காரர்களை வாங்க போங்க என்றே பேசிப் பழகிய பெரியவர் திடீரென்று அதட்டினார்.

"ஏலே, கண்ணுல சோப்புடா."

சுப்புத்தாய் சுவரில் தலையைச் சாய்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். அழக்கூட அலுப்பாக இருந்தது.

ஜோயல் நனைந்த கால்சட்டையோடு வெளியே வந்தான். முதியோர் இல்லப் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னான். இப்படிச் சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் கோயிலில் பலர். நம்பவும் சந்தேகப்படவும் அவளிடம் தெம்பில்லை.

"வாங்க தம்பி. பழைய துணி உடுத்திக்கிட்டு வாங்க" என்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். உள்ளே பெரியவர் குறட்டை விடத் தொடங்கியிருந்தார். அவன் வண்டி கிளம்பும்வரை நிற்க முடியாமல் சுப்புத்தாய் கதவைச் சாத்தினாள்.