தானாக உடைந்த சாலை

நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. முத்துப்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளிய ஓர் ஊரில் எங்கள் பிரிவு அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு. முன்னறையில் இன்ஜினியருக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை, நடுவில் டெலிபோன். பின்கட்டில் தார் டிரம்கள், மண்வெட்டிகள், காலிச் சாக்குகள். சாலையைப் பார்ப்பதுதான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். பாதி நாள் மனுக்களைப் பார்ப்பதிலேயே போனது.

மனு எங்களிடம் நேராக வருவது அபூர்வம். ஜனங்கள் கலெக்டருக்கு எழுதுவார்கள், மந்திரிக்கு எழுதுவார்கள், சில பேர் முதலமைச்சருக்கே எழுதுவார்கள். அது ஒவ்வொரு மேசையாக இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்து சேரும். நான் பதிவேட்டில் ஏற்றி எண் போடுவேன். போய்ப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுவேன். பெரும்பாலும் நான் எழுதியது ஒரே வாக்கியம்தான்: இச்சாலை இத்துறையைச் சார்ந்ததல்ல. எங்கள் சாலையாக இருந்துவிட்டால், நிதி ஒதுக்கீடு வந்தபின் ஆவன செய்யப்படும். சேர்ந்த புதிதில் சில மனுக்களைப் படித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு வருஷத்துக்குள் அது போய்விட்டது. எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அவசரம் என்றால் கதை வேறு. மரம் விழுந்தது, லாரி கவிழ்ந்தது, வெள்ளம் ஏறியது என்றால் மனு வேண்டாம், ஒரு போன் போதும். அரை மணியில் நானும் சாலை வேலை பார்க்கும் கேங்கு ஆட்களும் கிளம்பிவிடுவோம். அதில் எங்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த மனுக்களில் அடிக்கடி வந்த கையெழுத்து ஒன்று இருந்தது. எல்லாம் போஸ்ட் கார்டு. எழுதியது ஓர் அம்மாள். நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர். ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் சாலை ஒன்று கிழக்கு மேற்காக வயல்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும். வடக்கே ஒரே குடும்பத்தின் நிலம், கண்ணுக்கு எட்டிய வரை. தெற்கே இருந்த பள்ள நிலமும் முன்பு அவர்களுடையதுதான். நில உச்சவரம்புச் சட்டத்தில் அது உபரி என்று எடுக்கப்பட்டு, அந்த அம்மாளின் தெருவில் இருந்த குடும்பங்களுக்குப் பட்டாவாகக் கொடுக்கப்பட்டது. பட்டா கையில் இருந்தும் மூன்று வருஷம் அவர்களால் வயலில் கால் வைக்க முடியவில்லை. கோர்ட்டு, தடை உத்தரவு, அடிதடி, போலீஸ். இரண்டு பேர் ஜெயிலுக்குப் போய்வந்தார்கள். கடைசியில் தடை விலகி, முதல் சம்பா நட்டிருந்தார்கள்.

போஸ்ட் கார்டுகள் இதைப் பற்றியவை அல்ல. சாலைக்கு அடியில் இருந்த ஒரு குழாய்ப் பாலத்தைப் பற்றியவை. வடக்கு வயலின் மழைத்தண்ணீர் அந்த ஒற்றைக் குழாய் வழியாகத் தெற்கே வந்து, வடிகாலில் விழுந்து, கடலுக்குப் போக வேண்டும். குழாய் உடைந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுதியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: பெரிய மழை வந்தால் வடக்கே தண்ணீர் கட்டும், அப்போது ரோட்டை வெட்டுவார்கள், மொத்தத் தண்ணீரும் எங்கள் பயிர் மேல் வந்து விழும், ஆகவே தண்ணீர் போக இரண்டு கண் வைத்துப் பாலம் கட்டித் தந்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

ஒருமுறை நேரிலேயே வந்தார். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும். காலில் காய்ந்த சேறு.

"நாலு கார்டு போட்டேன் சார். ஒண்ணாவது வந்துச்சா?"

"எல்லாம் வந்திருக்கும்மா. ரோடு எங்களது, வடிகால் பொதுப்பணித் துறையோடது. குழாய் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. அவங்க ஒப்புதல் வரணும்."

"அவங்ககிட்டப் போனா உங்கள சொல்றாங்க."

"எழுதியிருக்கோம்."

"மழைக்கு முன்னாடி வருமா?"

"அனுப்பியிருக்கு" என்றேன். அவர் போய்விட்டார். என் அப்பா மன்னார்குடிப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். மூழ்கிய சம்பா எப்படி அழுகி நாறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த மனுவை எடுத்து எண் போட்டேன்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் வேதாரண்யம் பக்கம் புயல் காற்றில் மரங்கள் சாய்ந்துவிட்டதாகப் போன் வந்தது. இன்ஜினியர் ஜீப்பையும் பாதி ஆட்களையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் போன ஒரு மணி நேரத்தில் ஊர்த் தலையாரி ஓடிவந்தார். அந்தக் குழாய்ப் பாலத்துக்கிட்டே இரண்டு பக்கமும் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றார்.

கோட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மறுமுனையில் இருந்தவர் எரிச்சலாக இருந்தார். எல்லா ஊரிலிருந்தும் அவருக்குப் போன் வந்துகொண்டிருந்திருக்கும்.

"ரோடு உடையாமப் பாத்துக்கங்க" என்றார்.

"வெட்டப் பாக்கறாங்க சார். போலீஸ் வேணும்."

"சொல்றேன். நீங்க ஸ்பாட்டுக்குப் போங்க. ஒருவேளை உடைஞ்சிட்டா உடனே ரிப்போர்ட் அனுப்பிடுங்க."

எங்கள் கேங்கு மேஸ்திரியையும் நாலு ஆட்களையும் அழைத்துக்கொண்டு, சைக்கிள் கேரியரில் காலிச் சாக்குகளைக் கட்டிக்கொண்டு போனேன். வடக்கே வயல் என்று எதுவும் தெரியவில்லை. ஒரே தண்ணீர், சாலையின் விளிம்பை நக்கிக்கொண்டு. தெற்கே முழங்கால் தண்ணீரில் பயிர் தலை நீட்டிக்கொண்டிருந்தது. வடக்கு ஓரத்தில் நிலக்காரரின் ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள். தெற்கு ஓரத்தில் அந்த அம்மாளும் அவர் தெருக்காரர்களும், பெண்களே அதிகம், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு கான்ஸ்டபிள்கள்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல். "ரெண்டு மணி நேரம் குடுங்க சார். குழாய் வாயில அடைச்சிருக்கிறத எடுத்துப் பாக்குறேன்" என்றார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். ஆகாயத்தாமரையும் சேறும் உடைந்த சிமெண்ட் துண்டுகளும் கூடை கூடையாக மேலே வந்தன. இரண்டு பக்கத்து ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் தாங்களாகவே இறங்கி அவருக்குக் கைகொடுத்தார்கள். கடைசியில் மேஸ்திரி மேலே வந்து தலையை ஆட்டினார். குழாய் நடுவில் முழுக்க இடிந்து உட்கார்ந்துவிட்டது. மேலே தோண்டாமல் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது நிலக்காரர் என்னிடம் வந்தார். வயதானவர். குடை பிடித்திருந்தார். அதட்டவில்லை.

"தம்பி, ரோடு கவர்மெண்டோடது. நீங்க வெட்டச் சொல்ல வேணாம். வெட்டாதேன்னும் சொல்ல வேணாம். காலையிலேர்ந்து நனையறீங்க. போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

நான் கான்ஸ்டபிள்களைப் பார்த்தேன். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால், திட்டியிருந்தால், ஒருவேளை நான் அங்கேயே நின்றிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையாக இருக்காது. எனக்குப் பயம்கூட இல்லை. குளிராக இருந்தது, டீ வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். டீக்கடை கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கிளாஸை நீட்டினார். முதல் டீயைக் குடித்தேன். பெண்களின் சத்தம் ஒரே மூச்சாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இரண்டாவது டீ சொன்னேன். அதையும் குடித்தேன்.

திரும்பி வந்தபோது சாலையில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் மண்வெட்டி தேவைப்படவில்லை. தண்ணீரே கரையைக் கரைத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தார்ச் சாலை துண்டு துண்டாக உட்கார்ந்து, ஒரு லாரி போகிற அகலம் ஆனது. தெற்கே பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு காணாமல் போனது. தண்ணீர் அதோடு நிற்காமல் அவர்கள் தெருவுக்குள்ளும் போனது. உயிர்ச்சேதம் இல்லை. மண்சுவர் வீடுகள் பெரும்பாலும் கரைந்து விழுந்தன. அந்த அம்மாளின் வீடும் போனது.

மேஸ்திரி நான் விட்டுப்போன சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார். "எங்க சார் போனீங்க?" என்று கேட்டார். தெரிந்தே கேட்ட மாதிரி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மாலையில் ரிப்போர்ட் எழுதினேன். வெள்ளத்தின் அழுத்தம் தாங்காமல் சாலை தானாக உடைந்துவிட்டது என்று எழுதினேன். இன்ஜினியர் திரும்பி வந்து படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு துறை வேலை செய்த வேகத்தைச் சொல்ல வேண்டும். மந்திரி வெள்ளச் சேதம் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. லாரி லாரியாகக் கப்பிக் கல் வந்தது, சவுக்குக் கட்டை வந்தது, மணல் மூட்டை வந்தது. பொதுப்பணித் துறை ஆட்களும் கூடவே நின்றார்கள். யாரும் யாருடைய ஒப்புதலையும் கேட்கவில்லை. ஒன்றரை நாளில் சாலை சேர்ந்துவிட்டது. மந்திரியின் கார் அதன் மேல் நிற்காமல் போனது.

தை மாதத்தில் அந்த அம்மாளின் போஸ்ட் கார்டு ஒன்று வந்தது. கலெக்டர் அலுவலகம், கோட்ட அலுவலகம், உட்கோட்டம் என்று ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தது. சாலை உடையவில்லை, வெட்டினார்கள், வெட்டும்போது ரோடு இன்ஸ்பெக்டர் டீக்கடையில் இருந்தார் என்று எழுதியிருந்தது. யார்மேல் புகாரோ அவரிடமே குறிப்புரை கேட்பது எங்கள் வழக்கம். ஆகவே என்மேல் வந்த மனுவைப் பதிவேட்டில் ஏற்றி நானே எண் போட்டேன். மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது என்று நானே எழுதினேன். மற்ற குறிப்புகளைப் போலவே கையெழுத்து நேராக இருந்தது.

பிறகு வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் வைத்து விசாரித்தார். நான் ரிப்போர்ட்டில் இருந்ததையே சொன்னேன். கான்ஸ்டபிள்களும் அதையே சொன்னார்கள். அந்த அம்மாள் எழுந்து நின்றார்.

"உடைஞ்சுதா வெட்டுனாங்களான்னு அவங்க சொல்றபடியே இருக்கட்டும் அய்யா. டீ குடிச்சது உண்மையா இல்லியா, அத மட்டும் அவரு சொல்லட்டும்."

அதிகாரி சிரித்துவிட்டார். "என்னப்பா, டீ குடிச்சியா?"

"குடிச்சேன் சார்."

"எத்தினி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ரெண்டு."

அவர் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி எழுதினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. கேஸ் ஒன்றும் வரவில்லை. தெற்குத் தெருக்காரர்களுக்கு மற்றவர்களைப் போல வெள்ள நிவாரண அரிசி கிடைத்தது. நிலக்காரருக்கும் பயிர்ச் சேதச் சான்றிதழ் கிடைத்தது. எனக்கு ஒரு மெமோகூட இல்லை.

ஆனால் பாலம் வந்தது. மந்திரி வந்துபோன இடம் என்பதால் அடுத்த கோடையிலேயே ஒதுக்கீடு வந்துவிட்டது. அவர் கார்டில் எழுதியபடி இரண்டு கண் வைத்து. மேற்பார்வை நான். கான்ட்ராக்டர் உள்ளூர் ஆட்களையே கூலிக்கு வைத்தார். அதில் அந்த அம்மாளும் இருந்தார். தலையில் சும்மாட்டுத் துணியோடு ஜல்லிக் கூடை சுமந்தார். ஒரு வாரம் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. ஒருநாள் உச்சிவெயிலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மணல் ஜாஸ்தியா போடுறாங்க. காலையிலேர்ந்து எண்ணிக்கிட்டு வர்றேன். சிமெண்ட் மூட்டை ரெண்டு கொறையுது. நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. கலவையைக் கொட்டச் சொல்லி, மறுபடி போடவைத்தேன். கான்ட்ராக்டர் முறைத்தார். அன்றிலிருந்து கலவை போடும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் மழை வந்தது. முந்தைய வருஷத்து மழை அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல மழை. ஒரு மத்தியானம் மேஸ்திரியோடு பாலத்தைப் பார்க்கப் போனேன். தண்ணீர் இரண்டு கண்ணிலும் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. வடிகால் அதை வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் பயிர் நின்றது. தெற்கு வயலில் தூரத்தில் சில பெண்கள் குனிந்து களை பறித்தார்கள். அதில் அவர் இருந்தாரா என்று அடையாளம் தெரியவில்லை.

கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமோ நிம்மதியோ, ஏதாவது ஒன்று வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. சுவர் ஈரமாக இருந்தது.

"போலாமா சார்?" என்றார் மேஸ்திரி. "மேக்கால புளியமரம் ஒண்ணு குறுக்க விழுந்து கெடக்காம். பஸ்ஸெல்லாம் நிக்குது."

கிளம்பினோம்.