செம்பாக்கத்தில் காலியாகக் கிடந்த மெஷின்

நான் வெப் டெவலப்பராகச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காலை செம்பாக்கத்திலிருந்து ஃபோன் வந்தது. அங்கே ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு எங்கள் கம்பெனிதான் புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தது. பேசியவர் ரிசப்ஷனிஸ்ட் ஸ்டெல்லா அக்கா.

"மெஷின் காலியா இருக்கு மேடம். உங்க சாஃப்ட்வேர் ஃபுல்னு காட்டுது. பேஷன்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எங்கள் ஆபீஸ் கீழ்க்கட்டளையில், ஒரு மருந்துக் கடையின் மாடி. டீம் லீட் முரளி சார் தன் லேப்டாப்பில் புக் செய்து பார்த்தார். ஒழுங்காக வேலை செய்தது.

"இங்க ஒரு ப்ராப்ளமும் இல்லயே. அவங்கதான் ஏதோ தப்பா யூஸ் பண்றாங்க" என்றார்.

நான் படித்தது மெக்கானிக்கல். முன்பு ஒரு பம்ப் ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். ஃபேக்டரியை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது, அம்மாவை விட்டுப் போக முடியாமல் வேலையை விட்டேன். தாம்பரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன். இப்போது புரொபேஷன். வாயைத் திறக்கவே பயம். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சார், நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"கோட் இங்க இருக்கு. அங்க போய் என்ன பாக்கப் போறீங்க?"

"ஃபேக்டரில மெஷின் நின்னா, மெஷின்கிட்ட போய்த்தான் சார் பாப்போம்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, போய்ட்டு வாங்க."

சென்டரில் ஒரு பெரியவர் காத்திருந்தார். கோவளம் பக்கத்து மீனவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"கம்ப்யூட்டர்க்கார பொண்ணு நீதானா? மூச்சு வாங்குதும்மா. மெஷின் சும்மா கீது, எனக்கு எடம் இல்லன்றாங்க. இன்னா நாயம் இது?"

"அந்த ஸ்லாட்டு வேற ஒருத்தர் பேர்ல இருக்குண்ணா. அவங்க வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

நான் அவர் பக்கத்தில் நின்று, அடுத்த பேஷன்ட்டுக்கு மறுநாள் ஸ்லாட்டை எப்படி புக் செய்கிறார் என்று பார்த்தேன். உள்ளடங்கிய அறை, நெட் மெதுவாக இருந்தது. 'கன்ஃபர்ம்' பட்டனை அழுத்தினார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார், மறுபடி அழுத்தினார். இரண்டு அழுத்தலும் இரண்டு புக்கிங்காக விழுந்து, ஒரே ஆளுக்கு இரண்டு மெஷின் போயிருக்க வேண்டும்! எங்கள் ஆபீஸின் வேகமான நெட்டில் யாருக்கும் இரண்டாவது தடவை அழுத்த வேண்டிய அவசியமே வந்ததில்லை.

உடனே முரளி சாரை ஃபோனில் கூப்பிட்டேன். "சார், ஒரே பேரு ரெண்டு தடவ விழுந்திருக்கா பாருங்க."

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஆமாங்க. நிறையவே இருக்கு."

உபரியாக விழுந்தவற்றை அவர் நீக்கியதும் திரையில் இடம் திறந்தது. நர்ஸ் பெரியவரை உள்ளே அழைத்துப் போனார். ஃபேக்டரியில் தவறு நடந்தால் பம்ப்பைத்தான் ஒதுக்கி வைப்போம். இங்கே காத்திருந்தது ஒரு மனிதர்.

மறுநாள் திருத்தத்தை நானே எழுதினேன். ஒரு முறை அழுத்தியதும் பட்டன் பூட்டிக்கொள்ளும். அதையும் மீறி வந்தால் சர்வர் ஏற்காது. ஒரு பேஷன்ட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடம் டேட்டாபேஸில் பதிவாகாது. திரையில் தெரியும் பட்டன் முதல் அடியில் இருக்கும் டேட்டாபேஸ் வரை ஒரு வேலையை முழுதாகச் செய்தது அன்றுதான். ஸ்டெல்லா அக்கா வேண்டுமென்றே படபடவென்று அழுத்திப் பார்த்தார். ஒரே புக்கிங்தான் விழுந்தது.

"இப்ப நம்பலாம்" என்றார்.

வேறு துறையிலிருந்து வரும் தம்பி தங்கைகள், "நாலு வருஷம் படிச்சது வேஸ்ட்டாக்கா?" என்று கேட்கிறார்கள். கோட் எழுத யாரும் கற்றுக்கொள்ளலாம். அது ஓடும் இடத்தில் போய் நின்று பார்க்கும் பழக்கத்தை எனக்குப் பழைய வேலைதான் கொடுத்தது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள்.

அடுத்த வாரம் பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் எங்கள் கம்பெனிக்குப் புது வாடிக்கையாளராக வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முரளி சாரும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார்.

"இருங்க, நானும் வரேன்."