இடது கைக்கு மட்டும் ஒரு கட்டு

அந்தச் சவப்பெட்டியைப் பற்றி எங்களில் எவரும் பேசுவதில்லை. அப்படியொரு கட்டளையை யாரும் இட்டதில்லை. ஆயினும் அக்காவின் வீட்டிலும் சரி, அத்தான் பயிற்சி பெற்ற குத்துச்சண்டைக் கூடத்திலும் சரி, பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

நான் இலக்கியத் திறனாய்வு பயில்பவன். ‘இது உண்மை’ என்று அடித்துச் சொல்லும் கதைசொல்லியைத்தான் வாசகர் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆகவே என்னைத் தாராளமாகச் சந்தேகியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அத்தான் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். அவருடைய வலது கைக் குத்துக்காகவே ரசிகர்கள் அவருக்குச் ‘சுத்தியல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பட்டத்துக்கான போட்டிக்கு நாள் குறித்திருந்த வேளையில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. போனார். எல்லை முகாமில் குண்டு வெடித்தது. ஏழு மாதங்களுக்கு முன், முத்திரையிட்ட அந்தப் பெட்டியை அவருடைய பயிற்சியாளர்தான் முகாமுக்குப் போய் வாங்கி வந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம். திறக்கக் கூடாது என்பது ராணுவத்தின் உத்தரவு. அப்படியே புதைத்தோம்.

அக்கா அழவில்லை. இன்றும் அவள் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. கூடத்தில் அத்தானின் படத்தைத் திறந்துவைக்க மாஸ்டர் அழைத்தபோது ஒரேயடியாக மறுத்தாள்.

“நான் போய் அந்தப் படத்தத் திறந்தா, அவர் செத்துட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கே அவர் வந்து வாசல்ல நின்னா நான் என்னடா பதில் சொல்லுவேன்?”

நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

விழாவுக்கு முந்தைய மாலை, நினைவுரை எழுதும் பொருட்டு அத்தானின் பொருள்களைப் பார்க்கக் கூடத்துக்குச் சென்றிருந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சட்டம் போட்ட படத்தை வாங்கிவர மாஸ்டர் கிளம்பினார்.

“அரை மணியில வந்துடறேன், புரொஃபசர். ஆசைப்பட்டு எதையும் குத்திப் பாத்துடாதீங்க. தொங்குற மணல் பேக் தாங்கும், உங்க மணிக்கட்டு தாங்காது.”

ஷட்டர் இறங்கியது. அதன் பின் மழைச் சத்தம் மட்டும்.

கூடத்தில் தைலமும் பழைய தோலும் கலந்த வாடை. அத்தானின் கையுறைகளை எடுத்துப் பார்த்தேன். வலது கையுறையின் தோல் மட்டும் வெடித்து, தையல் விட்டிருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். மணி ஆறு பத்து.

டிங்...

சுற்று தொடங்குவதற்கான மணி. மின்சாரத்தில் இயங்குவது. அதன் ஒயர் சுவரில் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பினேன். உடை மாற்றும் அறையின் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. தலையை மூடிய பயிற்சி உடை. இங்கே பழகும் வீரர் எவரோ என்று நினைத்தேன். ஆனால் அத்தனை மழையிலும் அவர் உடையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

“கட்டி விடு.”

திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினார்.

கையுறைக்குள் நீளமான துணிப்பட்டையைச் சுற்றிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். சுற்றும் முறை தெரியாது. பெஞ்சில் இரண்டு சிவப்புச் சுருள்கள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். மறுக்க ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை.

கை சில்லென்று இருந்தது. மழையின் குளிர்ச்சி அல்ல... வேறு.

கட்டைவிரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். தவறு என்று பாதியில் உறைத்தது. அவிழ்க்கப் பயம். உள்ளங்கையில் ஷூ லேஸ் கட்டுவதுபோல ஒரு முடிச்சைப் போட்டு முடித்தேன்.

இரண்டாவது சுருளை எடுத்தேன்.

“அது வேணாம்.”

எழுந்தார். என்னைக் கடந்து போனார். காலடிச் சத்தமே இல்லை.

தொப்... தொப்...

இடது. இடது. அடுத்து வலது விழ வேண்டும்.

விழவில்லை.

தொப்... தொப்...

மறுபடியும் அதே இடைவெளி.

டிங்...

எட்டிப் பார்த்தேன்.

பேக் ஆடிக்கொண்டிருந்தது.

ஆள் இல்லை.

ஷட்டர் ஏறியபோது கத்தியேவிட்டேன். படத்தை மார்போடு அணைத்தபடி மாஸ்டர் நின்றிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க புரொஃபசர், கைப்பழக்கத்துல வெளிய பூட்டிட்டுப் போயிட்டேன். பயந்துட்டீங்களா?”

“உள்ள வர வேற வழி இருக்கா மாஸ்டர்?”

“எலி வரக்கூட வழி கிடையாது. ஏன்?”

பெஞ்சில் ஒரு சுருள்தான் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வீட்டிலும் சொல்லவில்லை.

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்கே வந்து கெஞ்சி அக்காவை அழைத்துவந்தார். கூடம் நிறைய வீரர்கள். படம் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. துணியின் நுனியை மாஸ்டர் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது அவர்தானா மாஸ்டர்? அத மட்டும் சொல்லுங்க.”

இரண்டு பேர் சட்டென்று எழுந்து குடிநீர்க் குழாய்ப் பக்கம் நகர்ந்தார்கள். மாஸ்டர் நகரவில்லை.

“வண்டியில வர்றப்ப திறந்துட்டேம்மா. மனசு கேக்கல. முகம் தெரியல. வலது கை... இல்ல. இடது கையில மட்டும் செகப்புத் துணி சுத்தியிருந்தது. கட்டை விரலையும் சேத்து. உள்ளங்கையில ஒரு முடிச்சு, ஷூ லேஸ் மாதிரி. இந்தத் தொழில் தெரிஞ்சவன் எவனும் அப்படிக் கட்டமாட்டான். நம்ம ஆளு கட்டவும் விடமாட்டான். அதனாலதாம்மா, அவன்தான்னும் சொல்ல முடியாம, இல்லைன்னும் சொல்ல முடியாம... ஏழு மாசமா வாயத் திறக்கல.”

அக்காவின் கை துணியை நோக்கிப் பாதி எழுந்து, நின்றது.

கட்டைவிரலைப் பற்றி நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“அக்கா...” என்றேன். “பெட்டிக்குள்ள இருந்தது அத்தான்தான். அந்தக் கட்டைப் போட்டது நான். நேத்து சாயங்காலம்.”