அடிபட்ட உருண்டை

தொகுஜி கல்லறைக் கல் செதுக்குகிறவர். அவர் கை பட்ட கல்லில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. படிப்பைச் சின்ன வயதிலேயே விட்டவருக்குத் தங்கை மசுயோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

மசுயோ ஆய்வுக்கூடத்தில் பெரிய பீரங்கியை இயக்குகிறாள். மிளகளவு பிளாஸ்டிக் குண்டை, துப்பாக்கித் தோட்டாவைவிட ஐந்து மடங்கு வேகத்தில் அது கல்மேல் விடும். விண்கற்கள் மோதி எப்படி உடைகின்றன என்று பார்க்கத்தான். இத்தனை வருடமும் மற்றவர்களுக்காகச் சுட்டவளுக்கு, இன்றுதான் தன் சொந்தக் கேள்விக்கென்று ஒரு நாள் கிடைத்திருந்தது. மெல்லிய அடிகள் வாங்கியும் வெளியே முழுசாக நிற்கும் கல், அடுத்த பெரிய அடியில் சுலபமாக நொறுங்குமா?

முன்பு சுட்ட, அதுவரை அடிபடாத கல் உருண்டைகள் ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் ஒரே துண்டாக மிஞ்சியிருந்தது. ஏற்கெனவே மெல்லிய அடிகள் வாங்கிய உருண்டையில் மிஞ்சும் பெரிய துண்டு பாதிக்குக் குறைந்தால் அவள் நினைத்தது சரி. அப்படி அடிபட்ட உருண்டை ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அது அண்ணன் செதுக்கியது. அவர் பார்க்க ஆசைப்பட்டாரே என்று நேற்று அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

வேடிக்கை பார்க்க வந்த தொகுஜி மூலையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மறுநாள் பீரங்கியைப் பயன்படுத்தப் போகிற ஆய்வாளர் குரோகாவாவும் வந்திருந்தார்.

மசுயோ வழக்கம்போல ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி உரக்கச் சொன்னாள்.

"வால்வு மூடியிருக்கு, சரி! கதவு பூட்டியிருக்கு, சரி! கல் காஞ்சிருக்கு, சரி!"

கடைசிச் சொல் தொகுஜியின் காதில் முள்ளாகத் தைத்தது. மேலே காய்ந்துதானே இருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

கல் வைத்த இரும்பு அறையிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு ஓடியது. உள்ளே காற்று குறையக் குறைய இறங்க வேண்டிய அழுத்தமானி ஊசி பாதி வழியில் நின்றுவிட்டது. மசுயோ கதவின் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்தாள், குழாய் மூட்டுகளை முறுக்கினாள். ஊசி அசையவில்லை. அவள் காதோரம் வியர்த்தது.

"எங்கயோ காத்து கசியுது. பீரங்கியைப் பிரிச்சாதான் தெரியும்," என்றாள்.

"பிரிச்சா ஒரு வாரம் போச்சு," என்றார் குரோகாவா. "என் நாளும் சேர்ந்து போச்சு. நல்லா இயக்குறேம்மா நீ!"

அது தொகுஜிக்குப் பொறுக்கவில்லை.

"கசியல மசு. நான்தான்... காலையில அதுமேல தண்ணி ஊத்தினேன்."

"என்ன?"

"விரிசல் இருக்கான்னு பார்க்க. தண்ணி ஊத்தி விட்டா மத்த இடம் காஞ்சிடும், விரிசல் மட்டும் கோடா ஈரமா நிக்கும். எந்தக் கல்லையும் அப்படிப் பார்க்காம நான் வெளிய அனுப்புறதில்லை."

மசுயோ கண்ணை மூடித் திறந்தாள்.

"ஒரு நாள் முழுக்க அடுப்புல வச்சு உலர்த்தின கல்லுண்ணா அது."

"மேல காஞ்சிருந்ததே..."

"உள்ள இருக்கே! அந்தத் தண்ணிதான் இப்ப ஆவியா வந்துக்கிட்டே இருக்கு, அதான் ஊசி இறங்கல."

"சரி விடு," என்றார் குரோகாவா. "பொறுத்திருந்தா ஊசி இறங்கும். சுட்டுத் தள்ளு."

மசுயோவின் கை பம்பின் பொத்தானருகே போய் நின்றது. அவளுக்குக் கிடைத்த ஒரே நாள்.

"வேண்டாம்," என்று பம்பை நிறுத்தினாள். "நொறுங்கினா பழைய அடியாலயா தண்ணியாலயான்னு நாளைக்கு நானே கேட்பேன்."

தொகுஜி குரோகாவாவின் முன்னால் போய் இடுப்பு வளைய வணங்கினார், நிமிரவே இல்லை.

"தப்பு என்னுது. நாளைக்கு ஒரே ஒரு தடவை அவளுக்கு விட்டுக் கொடுங்க."

"நிமிருங்க பெரியவரே, முதுகு பிடிச்சுக்கப் போகுது. சாயங்காலம் என் வேலை முடிஞ்சதும் சுட்டுக்கட்டும். எனக்கும் நாலு உருண்டை செதுக்கித் தரணும், காஞ்ச உருண்டை!"

மறுநாள் சாயங்காலம் வரை கல் உலர்த்தும் அடுப்பில் இருந்தது. இந்தத் தடவை ஊசி தடையில்லாமல் கீழே போனது. தான் செதுக்கிய கல் உடைய வேண்டும் என்று தொகுஜி வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றுதான்.

மந்தமாக ஒரு 'தொம்'. அவ்வளவுதான்.

சில்லுகள் சுவரில் பட்டு மறுபடி உடையாதிருக்க உள்ளே கட்டியிருந்த பஞ்சு மெத்தையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பெரிய துண்டைத் தராசில் வைத்த மசுயோ எண்ணைப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"கால் பங்குகூட இல்லண்ணா."

"அப்ப நீ சொன்னது சரிதானே? சரிதானே?"

அவள் தலையாட்டினாள், சிரிப்பை அடக்க முடியாமல். தொகுஜி அந்தத் துண்டைக் கையில் வாங்கித் தூசியை ஊதினார். கண் தானாக மூலையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் தேடியது.

"அண்ணா," என்றாள் மசுயோ. "அதை வச்சிடு."