நத்தார் மேசையில் இரண்டு ஜக்குகள்

குடியை விட்டிருந்த ஒரு மனிதருக்கு, என் தங்கையின் கணவருக்கு, தெரிந்தே சாராயம் கலந்த பானத்தை ஊற்றிக் கொடுத்தேன். அது வெளியே வந்தபோது, கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். முதலாவதை அசட்டுப் பெருமையில் செய்தேன். இரண்டாவது வெறும் கோழைத்தனம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மாத்தளை நகரத்தில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன். சம்பள நாளில் கள்ளுத் தவறணையில் விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கி வந்தவன். அதனால் குடிகாரர் என்றாலே எனக்கு அருவருப்பு. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறு கிளாஸ் லிக்கியூர் குடிப்பேன். இனிப்பும் வாசனையும் சேர்த்த அந்த மதுவை நானே வீட்டில் தயாரித்தேன். பின்வளவில் காய்க்கும் கோப்பியை வறுத்து, கொக்கோ விதையை இடித்துப் போட்டு ஒன்று. தோடம்பழத் தோலும் ஏலக்காயும் கராம்பும் போட்டு இன்னொன்று. ஐப்பசி மழைக்காலத்தில் ஊற வைத்தால் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, சரியாக இருக்கும்.

ஊற வைப்பது தென்னஞ்சாராயத்தில்தான். அதை நான் கடைக்குப் போய் வாங்கியதில்லை. ஆளனுப்பி, பத்திரிகைத் தாளில் சுற்றி வரவழைப்பேன். சீனிப்பாகு சேர்த்து அழகான கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றியதும், அது சாராயம் என்பதே எனக்கு மறந்துவிடும். தவறணையில் நின்று குடிப்பது குடி, கதிரையில் சாய்ந்து புத்தகத்தோடு குடிப்பது ரசனை. இதை நான் மனதார நம்பினேன்.

தங்கையின் கணவரான மச்சான் றத்தோட்டையில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர். தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. பிறகு ஒரு நாள் அடியோடு விட்டார். தங்கை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவ வாசம் வந்துச்சின்னா, வாசப்படி ஏறாதீங்க." வேனில் பிள்ளைகளை அனுப்பிய தாய்மாரும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் அனுப்பினார்கள். வீடும் தொழிலும் அவருடைய வாயின் மணத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அது எனக்குத் தெரியாததல்ல.

அந்த நத்தாருக்குப் பூசை முடிந்து பழைய ஆசிரியர் நண்பர்கள் சிலர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் ஜிஞ்சர் வைன். பெயரில்தான் வைன், அதில் மது இல்லை, பிள்ளைகளும் குடிப்பார்கள். நான் இரண்டு ஜக்குகள் வைத்தேன். ஒன்றில் வெறும் ஜிஞ்சர் வைன். மற்றதில் அதோடு என் தோடம்பழ லிக்கியூரும் சோடாவும் தேசிக்காயும் கலந்த கொக்டெயில். நண்பர்கள் புகழ்ந்தார்கள். "அதிபர் பெரிய ஹோட்டல் பாரில இருக்கவேண்டிய ஆளு!" என்றார் ஒருவர். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மச்சான் குரோட்டன் செடிச் சாடிக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் குடியைப் பற்றி உண்மையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் என்ன சொல்வார் என்று எனக்குள் ஓர் அரிப்பு. ஒரு கிளாஸால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இது குடியே அல்லவே. கலந்த ஜக்கிலிருந்து ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான், இதுல என்னா?"

"ஜிஞ்சர் வைன்தான் மாப்பிள. தோடம்பழத் தோல் போட்டிருக்கு. குடிங்க, குடிங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் பார்த்தபோது கிளாஸ் காலியாக இருந்தது.

தங்கை கேக் தட்டை அவரிடம் நீட்டியபோது மணம் பிடித்துவிட்டாள். அவள் மூக்கு அப்படிப் பழகியது. "ஊதுங்க" என்றாள், எல்லோர் முன்னிலும். அவர் ஊதினார்.

"மச்சான் குடுத்தத ஒரு வாய் குடிச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே?"

நண்பர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடியை விட்டவனுக்கு ஊற்றிக் கொடுத்த அதிபர் என்று இவர்கள் நாளைக்குப் பேசுவார்கள். அதுதான் என் மனதில் ஓடியது.

"நான் புள்ளைங்களுக்கு வச்ச ஜக்குல இருந்துதான் குடுத்தேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எதுக்கும் வேன்ல போத்தல் கீத்தல் இருக்கான்னு பாரு" என்றும் சொன்னேன்.

அவள் போய்ப் பார்த்தாள். சீட்டுகளைத் தூக்கி, பிள்ளைகளின் குடைகளை விலக்கித் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால், எங்கேயோ ஒளித்துவிட்டார் என்று ஆகிவிட்டது. மச்சான் மேசையில் இருந்த இரண்டு ஜக்குகளையும் ஒரு முறை பார்த்தார். மற்றதை மோந்து பார், இதே மணம்தான் என்று தங்கையிடம் அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அவள் அவரை வீட்டில் ஏற்றவில்லை. அவர் நாவுலையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய், மரக்கறி மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். செய்தி வேன் பிள்ளைகளின் தாய்மாருக்கும் எட்டியது. வேன் தங்கை வீட்டு வாசலில் துருப்பிடிக்க நின்றது. அங்கேயும் அவர் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதங்களில் என் சாப்பாட்டுக்குப் பிந்திய கிளாஸை ஒரு நாளும் நான் தவறவிடவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு தங்கை வந்து, விவாகரத்து எடுப்பது எப்படி, யாரைப் பார்க்கவேண்டும் என்று என்னிடமே யோசனை கேட்டாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "வேன பாக்கச் சொன்னது யாருண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்."

"எழும்புங்க. அவருக்கு முன்னுக்கு வந்து சொல்லுங்க."

நாவுல பஸ்ஸில் அவள் என் பக்கத்துச் சீட்டில் உட்காரவில்லை. மச்சான் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தினார்.

"எனக்குச் சொல்லுறீங்களா? ஒரு வாய்லயே தெரிஞ்சிரிச்சி மச்சான். மிச்சத்த உங்க குரோட்டன் சாடியில ஊத்தினேன்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! உங்க தங்கச்சி யார நம்புனா? அதிபரையா, குடிகாரனையா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அத நீங்களே வச்சிக்குங்க. வேன்ல வந்த புள்ளைங்களோட அம்மாமாருகிட்டப் போயிச் சொல்லுங்க. வீடு வீடா. நான் கூட வரமாட்டேன்."

போனேன். றத்தோட்டையில் வீடு கேட்டுக் கேட்டுப் போய்ச் சொன்னேன். என்னிடம் படித்த ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கேட்டுவிட்டு, "சேர், நீங்களா?" என்றாள். கதிரை போட வந்தவள் போடாமலே நின்றாள். இன்னொரு வீட்டில், "சொந்தக்காரருன்னு காப்பாத்த வந்திருக்காரு" என்று உள்ளே பேசியது எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னபோதும் நம்பப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று அந்த வாசலில் தெரிந்துகொண்டேன். சிலர் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள். பலர் வேறு வேன் பிடித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மச்சான் வீட்டுக்குத் திரும்பினார். அவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். தங்கை இன்னும் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசத் தயங்குகிறாள் என்று என் மனைவி சொல்கிறாள். அந்தத் தயக்கத்தையும் நான்தான் உண்டாக்கினேன். லிக்கியூர் செய்வதை விட்டுவிட்டேன். மனம் திருந்தியதால் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். போத்தலைத் திறந்தால், வேனுக்குள் குனிந்து தேடும் தங்கையின் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

போன நத்தாருக்கு அவர்கள் வந்தார்கள். வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மேசையில் ஒரே ஒரு ஜக்குதான் வைத்திருந்தேன். முதலில் நானே ஊற்றிக் குடித்துக் காட்டிவிட்டு, மச்சானுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினேன். அவர் சிரித்தார், நல்ல சிரிப்புத்தான். பையிலிருந்து மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை எடுத்தார்.

"ஒப்பனர் இருக்கா மச்சான்?"

எடுத்துக்கொண்டு வந்து, திறந்து கொடுக்கப் போனேன்.

"இல்ல, குடுங்க" என்று வாங்கித் தானே திறந்தார்.